வாடகை வீடும் வர்ணாசிரமமும்

வயிற்றுப் பிழைப்பை முன்னிட்டு ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குக் குடிபோகும் மனிதனுக்கு நம் நாட்டில் ஏற்படும் கஷ்டங்களில் எல்லாம் பெரிய கஷ்டம் வாடகைக்கு வீடு பிடிப்பதேயாகும். உத்தியோகம் கொடுக்கிறவன் படிப்பைப் பார்க்கிறான், அனுபவத்தைப் பார்க்கிறான், “வந்து சேர்” என்கிறான். ரயில்காரன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்ளுகிறான். ஓட்டல்காரன் காசை வாங்கிக்கொண்டு சோறு போடுகிறான். இவர்களில் ஒருவனும் இன்றையத் தினம் வாயைத் திறந்து “நீ என்ன ஜாதி?” என்று கேட்கத் துணிவதில்லை. ஆனால் மாதா மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று வாடகையும், அதற்கு மேல் பல மாத வாடகையை முன்பணமாகவும் வாங்கிக்கொள்ளப் போகிற வீட்டுக்காரன் மாத்திரம், நம் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் நம் பிறப்பை எண்ணிப் பார்க்கிறான். இதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

ஒரு தோழரின் அனுபவம்

தென்காசிப் பக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்குச் சென்னைக்கு மாற்றல் ஆயிற்று. வேலையை ஒப்புக்கொள்ளப் பதினைந்து நாள் தவணை. குடும்பம் என்பது அவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள், 78 வயதுள்ள தாயார். சென்னையோ 600 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே கைப்பேசியில் வீடுகளின் படங்களைப் பார்த்தும், தரகர்களிடம் பேசியும் ஆறு வீடுகளைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் லீவு போட்டு ரயில் ஏறினார்.

முதல் வீடு படத்தில் பளிங்கு மாளிகையாக இருந்தது. நேரில் போனால் சுவரெல்லாம் ஓதம். தண்ணீர் லாரியில் வருகிறது, அதற்கும் தனியாகப் பணம். இரண்டாவது வீடு இவர் ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வேறொருவருக்குப் போய்விட்டது. தரகர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவையெல்லாம் வியாபாரத்தில் உள்ள சாதாரணப் புரட்டுகள். இவற்றைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் மூன்றாவது வீட்டில்தான் ஆரம்பமாகிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றார். உள்ளே இருந்து குரல் வந்தது: “இப்ப ராகு காலம். ஒன்பது மணிக்கு மேல வாங்க.” இரவெல்லாம் ரயிலில் வந்த மனிதன் கையில் பையோடு ஒரு மணி நேரம் தெருவில் நின்றான். ஒன்பது மணிக்கு மேல் கதவு திறந்தது. வீட்டையும் காட்டினார்கள். கடைசியில், “ஆடி மாசம் நாங்க குடி வைக்கறதில்லை. ஆவணி பிறந்ததும் பாருங்க” என்றார்கள். அவர் வேலையில் சேர வேண்டிய தேதியோ ஆடியில்.

நான்காவது வீடு இவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரருக்கும் இவரைப் பிடித்திருந்தது. வீட்டுக்கார அம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரர் மெதுவாக, “ஊர்ல எந்தத் தெரு உங்களுக்கு?” என்றார். தோழர் உள்ளதைச் சொன்னார். அந்தத் தெருவின் பெயரிலேயே ஜாதி இருந்தது. “மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி” என்று எழுந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் கைப்பேசியை எடுக்கவே இல்லை. காப்பி குடித்த டம்ளரை என்ன செய்தார்களோ நமக்குத் தெரியாது.

ஐந்தாவது வீட்டில் “சுத்த சைவம் மட்டும்” என்றார்கள். ஆறாவது வீட்டில் ஜாதியைக் கேட்கவில்லை, சாப்பாட்டையும் கேட்கவில்லை. தாயாரின் வயதைக் கேட்டார்கள். “வயசானவங்களை வச்சுக்கிட்டு வர்றீங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா வீட்டுக்கு ஆகாதுங்களே” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு, இரண்டு நாள் லீவு, வீடு இல்லை. “நான் வீடு பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெரும்பாலும் அவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார். பெண் பார்க்கிறவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று சொல்வது போலத்தான் இதுவும். அங்கே பெண்ணை அவமானப்படுத்துகிறார்கள். இங்கே குடும்பத்தையே அவமானப்படுத்துகிறார்கள்.

பட்டணத்து வாசலில் சுங்கச்சாவடி

தோழர்களே! கிராமம் என்பது ஜாதியின் கோட்டை என்றும், அங்கே யார் மகன், எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரிவதால் தாழ்த்தப்பட்டவன் தலைநிமிர முடியாது என்றும், ஆகவே படித்துப் பட்டணத்துக்குப் போனால் ஜாதி கொஞ்சமாவது கழன்றுவிடும் என்றும் நாம் வெகு காலமாகச் சொல்லி வருகிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆலையிலும், பஸ்ஸிலும், ஆபீசிலும் பக்கத்தில் உட்காருகிறவனின் ஜாதியைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஆனால் அந்தப் பட்டணத்துக்குள் நுழைகிற வாசலிலேயே வீட்டுக்காரன் ஒரு சுங்கச்சாவடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கிராமத்தில் விட்டுவிட்டு வந்த ஜாதியை, “எடு, காட்டு” என்கிறான்.

உள்ளூர்க்காரனுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவு தெரியாது. அவனுக்கு மாமன் இருக்கிறான், மச்சான் இருக்கிறான், அவன் ஜாதிக்காரன் வீடு ஒன்று காலியாகப் போகிறது என்று முன்கூட்டியே சேதி வந்துவிடுகிறது. தூர தேசத்திலிருந்து வருகிறவனுக்கு ஒருவரும் இல்லை. அவனைப் பற்றி விசாரிக்க ஆள் இல்லாததால், அவன் பிறப்பையே விசாரிக்கிறார்கள். இதைக் கைப்பேசியிலேயே கேட்டுத் தொலைத்தால் அவனுக்கு ரயில் கட்டணமாவது மிஞ்சும். ஆனால் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஏனெனில் வெளிப்படையாகக் கேட்க வெட்கம். கேட்காமல் விடவோ மனமில்லை. ஆகையால் அவனை நேரில் வரவழைத்து, பெயரைப் பார்த்து, நெற்றியைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, தெருப் பெயரைப் பிடுங்கி முடிவு கட்டுகிறார்கள். தங்கள் வெட்கத்தை மறைத்துக்கொள்ளுவதற்கு ஆகும் செலவை ஏழையின் தலையில் கட்டுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்ததல்ல. டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் போனார். அவ்வளவு பெரிய ஊரில் அவரை ஏற்றுக்கொள்ள ஓர் இந்து ஓட்டலும் இல்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் ஒரு டஜன் பேர் தடிகளோடு வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பார்சிகளை மாத்திரம் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இடம் கேட்டுப் போன இந்து சிநேகிதர், இவர் வந்தால் தன் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ சிநேகிதர், மனைவியைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். உலகத்தின் பெரிய கலாசாலைகளில் படித்த அந்த மனிதர், ஒரு பொதுத் தோட்டத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், “மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பது “மகனைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று மாறியிருக்கிறதே தவிர, வேறு என்ன மாறியிருக்கிறது என்று கேட்கிறோம்.

தனிப்பட்ட ஒருவருடைய மனக்குறை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. பொருளாதாரப் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்தவர்களும், தில்லியிலும் அதை அடுத்த நகரங்களிலும், உயர்ஜாதிப் பெயர், தாழ்த்தப்பட்டோர் பெயர், முஸ்லிம் பெயர் இவைகளைச் சொல்லிக் கைப்பேசியிலும் நேரிலும் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்து, அந்த ஆராய்ச்சியை 2015-ல் வெளியிட்டார்கள். உயர்ஜாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தாழ்த்தப்பட்டவருக்கு மறுப்பு, அல்லது அதிக வாடகை, அல்லது புதுப்புது நிபந்தனை. முஸ்லிமுக்கு எல்லோரையும்விட அதிகமான மறுப்பு. வீடுகள் அதே வீடுகள், பணமும் அதே பணம், பெயர்தான் வேறு.

“சைவம்” என்னும் முகமூடி

“ஜாதியெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை. சைவமாக இருந்தால் போதும்” என்று சில யோக்கியர்கள் சொல்லுகிறார்கள். 2014-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் “சைவம் மட்டும்” என்பதற்கு, இந்த நாட்டில் நூற்றுக்கு 97 பேர் என் படி ஏறக் கூடாது என்பதைத் தவிர வேறு அர்த்தம் என்ன? மீதியுள்ள இரண்டு மூன்று பேர் எந்தெந்த ஜாதியில் அதிகம் என்பது நமக்குத் தெரியாதா? பலகையில் எழுதினால் வம்பு வரும் என்று பயந்து, ஜாதியைச் சமையல் பாத்திரத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

மீன் குழம்பின் வாடை தாங்காது என்கிறார்கள். லஞ்சப் பணத்தின் வாடை தாங்குகிறது. வட்டிக்கு வட்டி வாங்கினவன் வாடை தாங்குகிறது. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவன் தம் ஜாதிக்காரனாக இருந்தால் அந்த வாடையும் தாங்குகிறது. உழைத்துச் சம்பாதித்தவன் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ மீன் வாங்கிக் குழந்தைகளுக்குக் குழம்பு வைத்தால் மட்டும் வீடு தீட்டாகிவிடுமாம்.

ராகு காலமும் சாவுத் தோஷமும்

இனி ராகு காலத்தைப் பார்ப்போம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை வீட்டைக் காட்டினால் ஆகாது என்கிறவர், அதே நேரத்தில் வாடகைப் பணம் கைப்பேசி வழியாகத் தம் பாங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் திருப்பி அனுப்புகிறாரா? ஆடி மாதத்தில் குடி வைக்கக் கூடாது என்கிறவர், ஏற்கெனவே குடியிருக்கிறவனிடம் ஆடி மாத வாடகையைத் தள்ளுபடி செய்கிறாரா? ராகுவும் கேதுவும் ஏழையின் மூட்டை முடிச்சைத்தான் பார்க்கும் போலிருக்கிறது. பணக்காரன் பணப்பெட்டி அவைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. சென்னைக்கு வரும் ரயில் ராகு காலம் பார்த்து நிற்கிறதா? ஆஸ்பத்திரியில் பிள்ளை எமகண்டம் பார்த்துப் பிறக்காமல் இருக்கிறதா?

கிழவி செத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது இதைவிடக் கேவலமானது. மனிதன் என்றால் ஒரு நாள் சாகத்தான் வேண்டும்; வீட்டில்தான் சாக வேண்டும். அந்த வீட்டுக்காரருடைய தகப்பனாரும் பாட்டனாரும் எங்கே செத்தார்கள்? வாடகை வீட்டில் இருக்கிறவனுக்குச் சாவு நேர்ந்தால், பிணத்தை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு விரட்டுகிற வீட்டுக்காரர்கள் பட்டணங்களில் இருக்கிறார்கள். பெற்ற தாயை வைத்துக் காப்பாற்றுவது ஒருவனுக்கு வீடு கிடைக்காமல் போவதற்குக் காரணம் ஆகுமானால், “மாதா பிதா தெய்வம்” என்று இவர்கள் பேசுவதெல்லாம் என்னத்துக்கு?

என் வீடு, என் இஷ்டமா?

“என் வீடு, என் இஷ்டம். யாருக்குக் கொடுப்பது என்பது என் சுதந்திரம்” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இதே பேச்சைத்தான் ஓட்டல்காரர்களும் ஒரு காலத்தில் பேசினார்கள். 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையில் இருந்த “பிராமணாள்” என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் கிளர்ச்சி ஆரம்பித்தார். மாதக்கணக்கில், நாள் தவறாமல் தோழர்கள் போய்ப் போய்க் கைதியானார்கள். முடிவில் பலகையிலிருந்து அந்தச் சொல் போயிற்று. ஓட்டல்காரன் சொத்து ஒன்றும் போய்விடவில்லை. அவன் திமிர்தான் போயிற்று.

தான் குடியிருக்கிற வீட்டில் யாரைச் சேர்த்துக்கொள்ளுவது என்பது ஒருவனுடைய சொந்த விஷயமாக இருக்கலாம். ஆனால் “வாடகைக்கு” என்று பலகை மாட்டி, விளம்பரம் செய்து, பணம் வாங்கிக்கொள்ளுகிற அந்த நிமிஷமே அது வியாபாரம் ஆகிவிடுகிறது. அந்த வீட்டுக்கு முன்னால் உள்ள ரோடு எல்லோருடைய வரிப்பணத்திலும் போட்டது. சாக்கடையும் தெருவிளக்கும் அப்படியே. அந்த வீட்டைக் கட்டினவன் யார்? கல் சுமந்தவளும், கலவை குழைத்தவனும் என்ன சைவம்? அன்றைக்குச் சுவருக்கு ஆகாத தீட்டு, சுவருக்குள்ளே படுக்க வந்தால் எப்படி வருகிறது?

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், ரோடு ஆகியவைகளில் ஜாதி பார்க்கக் கூடாது என்கிறது. அந்த ஜாபிதாவில் வாடகை வீடு இல்லை. 1955-ம் வருஷத்துச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்த இடத்திலும் குடியிருப்பதைத் தடுத்தால் குற்றம் என்கிறது. ஆனால் “மகனைக் கேட்டுச் சொல்கிறேன்” என்கிறவனை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது? 2005-ல் சுப்ரீம் கோர்ட்டே, ஆமதாபாத்தில் உள்ள ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் மதத்தாரைத் தவிர மற்றவரைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறி 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும், ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் போகலாம் என்றும் சொல்லுகிறது. வீடில்லாமல் தெருவில் நிற்கிறவன் எதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டான்?

இங்கிலாந்தில் கறுப்பு மனிதனுக்கு இடமில்லை என்று வீடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே போன நம்மவர்களும் அந்த அவமானத்தை அனுபவித்தார்கள். அந்த நாட்டார் 1968-ல் சட்டம் செய்து, வீடு வாடகைக்கு விடுவதிலும் விற்பதிலும் நிறம் பார்ப்பதைத் தடுத்தார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், 1968 ஏப்ரலில், நிறமும் மதமும் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்நாடுகளில் வித்தியாசம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்பது குற்றம் என்ற அளவுக்காவது அவர்கள் வந்திருக்கிறார்கள். நாமோ கேட்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மவர் யோக்கியதை

நிற்க, இவ்வளவையும் படித்துவிட்டு, “பார்ப்பான் இப்படித்தான்” என்று சொல்லித் திருப்தி அடைந்துவிட வேண்டாம் என்று நம் தோழர்களை எச்சரிக்கிறோம். மேலே சொன்ன நான்காவது வீட்டுக்காரர் பார்ப்பனர் அல்ல என்று தோழர் எழுதுகிறார். ஜில்லாத் தலைநகரங்களில் “நம்மாளுங்களா?” என்று கேட்கிறவர்கள் யார்? ஆதிதிராவிடர் என்று தெரிந்தவுடன், “வீட்டை விற்கப் போகிறோம்” என்று புளுகுகிறவர்கள் யார்? கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வரும் ஆதிதிராவிட ஆசிரியருக்கு ஊருக்குள் வீடு கொடுக்காமல், தினம் பஸ்ஸில் வந்து போகச் செய்கிறவர்கள் யார்? தங்கள் பிள்ளைகளுக்கு அவர் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். தங்கள் தெருவில் விளக்கேற்றிக் குடியிருக்கக் கூடாதாம்! இவர்களில் பலர் மேடையில் நம் பக்கத்தில் உட்காருகிறவர்கள். கறுப்புச் சட்டையும் போடுகிறவர்கள். பார்ப்பான் தன்னைத் தாழ்த்தினான் என்று அழுகிறவன், தனக்குக் கீழே ஒருவன் வேண்டும் என்று தேடுவானேயானால், அவனுக்கு வேண்டியது சுயமரியாதை அல்ல. பார்ப்பானுடைய நாற்காலியே ஆகும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, வாடகைக்கு விட வீடு வைத்திருக்கும் சுயமரியாதைத் தோழர் ஒவ்வொருவரும், வருகிறவனிடம் வாடகை கொடுக்கும் சக்தியையும் நடத்தையையும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டில் பெண்டுகளும் பெரியவர்களும் தடை சொல்லுவார்கள். அவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாதவர் ஊருக்குச் சொல்லப் புறப்படுவதில் பயனில்லை.

இரண்டாவதாக, பட்டணங்களில் உள்ள நம் தோழர்கள், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்காக அந்தந்த வட்டாரத்தில் ஜாதி கேட்காமல் கொடுக்கும் வீடுகளை விசாரித்து வைத்துச் சொல்ல வேண்டும். ஜாதிச் சங்கங்கள் தம் ஜாதியாருக்கு இதைச் செய்கின்றன. ஜாதியில்லாதவர்கள் நாம் ஏன் எல்லோருக்கும் செய்யக் கூடாது?

மூன்றாவதாக, வாடகைக்கு வீடு விடுவதில் ஜாதி, மதம், உணவு இவைகளைக் கேட்பதும், அதற்காக மறுப்பதும் குற்றம் என்று வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கும்படி சட்டசபை மெம்பர்களைக் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்க வாசலுக்கு வரும்போது கேட்க வேண்டும்.

வீடு தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதியைக் கேட்டால், “அதைக் கேட்க உங்களுக்கு என்ன அவசியம்?” என்று திருப்பிக் கேளுங்கள். ஆனால் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிறவன் வேறு வழியில்லாமல் பொய் சொன்னான் என்றால் அவனை நாம் குறை கூறமாட்டோம். பரோடாவில் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது அம்பேத்கரின் குற்றம் அல்லவே! அந்தப் பொய்யின் பாவம், அதைச் சொல்ல வைத்தவன் தலையைத்தான் சேரும்.

நமது தென்காசித் தோழர் இப்போது சென்னையில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறார். மனைவியும் குழந்தைகளும் தாயாரும் ஊரில் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் தோழர்களில், காலியாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் சாவி யார் கையிலாவது இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதினோம்.